நில்லு, நில்லு

தொண்ணூறுகளில் ஓசூரில் ஒரு ஃபாக்டரியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தேன். அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றி, டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று மத்திகிரிப் பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். முதலில் நான் மட்டும் போய்ப் பார்த்தேன்.

மேனேஜர் மதுரைக்காரர். டைல்ஸைக் காட்டினார், ஜெனரேட்டரைக் காட்டினார், கலர் டிவியைக் காட்டினார். "வலி வந்தா யார் சார் பார்ப்பாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "மொதல்ல தோட்டத்தைப் பாருங்க சார்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு கட்டிலில் வயதான அம்மா ஒருவர் முனகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓர் ஆயா அசையாமல் நின்றிருந்தாள்.

"எந்நேரமும் 'நில்லு, நில்லு'ம்பாங்க. அதுக்குன்னே எங்க ஊர்லருந்து ஆள் கூட்டியாந்து பக்கத்துல நிக்க வச்சிருக்கோம்" என்றார் மேனேஜர் பெருமையாக.

குனிந்து கேட்டேன். எங்கள் வீட்டிலும் தெலுங்குதான்.

"யோவ், அது நில்லு இல்லய்யா, நீள்ளு! தண்ணி கேக்கறாங்க!" என்று கத்திவிட்டேன்.

ஆயா பதறி ஓடித் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த அம்மா சொட்டு விடாமல் குடித்தார்.

ஆயா தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டாள்: "சார், அப்ப 'நொப்பி'ன்னா என்ன? எதுத்த கட்டில் பெரியவர் அழுதுகிட்டே சொல்வார். அவர் பொண்ணு பேருன்னு நெனச்சோம்."

"வலி" என்றேன்.

என் அம்மா கடைசிவரை வீட்டிலேயே இருந்தாள். அவள் 'நொப்பி' என்றபோதெல்லாம் என்னாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. ஆனால் அது யாருடைய பெயர் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.