மடங்காத அட்டை

கைக்காசு இல்லாமல் அட்டை சேர்ப்பது எப்படி என்று யாராவது என்னைக் கேட்டால், சொல்ல நிறையவே இருக்கிறது. சேர்க்காதே என்பதைக் கடைசியில்தான் சொல்வேன்.

ஐம்பதுகளில் ஜீவனஹள்ளியில் எங்கள் சந்துப் பிள்ளைகள் சேர்த்தது சிகரெட் அட்டை. காலிப் பெட்டியின் முன்பக்கத்தைக் கிழித்தால் ஒரு அட்டை, செலவே கிடையாது. மண்ணில் வட்டம் போட்டு நடுவில் அட்டைகளை அடுக்கி, தட்டைக்கல்லை எறிந்து யார் எதை வெளியே தள்ளுகிறார்களோ அது அவர்களுக்கு. மஞ்சள் அட்டைக்கு ஐம்பது, சிவப்புக்கு நூறு, பொன் கரை போட்டதற்கு ஐந்நூறு. ரூபாய் இல்லை, வெறும் எண். அந்த எண்களைப் போட்டவன் தையல்காரர் மகன். ஏன் அப்படி என்று கேட்டால், "அப்டித்தான்" என்பான். பெரியவர்களின் சந்தையும் இந்த லட்சணத்தில்தான் நடக்கிறது என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சினிமாக் கொட்டகை வாசலுக்குப் போகலாம். மாட்டினி விட்டதும், பெருக்குகிறவர் வருவதற்குள் போக வேண்டும். நனைந்த அட்டையை அடுப்பருகே காயவைக்கக் கூடாது, சுருண்டுவிடும். பாய்க்கு அடியில் வைத்து அதன்மேல் படுத்துத் தூங்கலாம். மைதாப் பசையால் நோட்டில் ஒட்டினால் கரப்பான் தின்றுவிடும். இதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது. 'பொட்டப்புள்ள சிகரெட் பெட்டி பொறுக்குறா' என்று தெருவே சிரித்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் அட்டைகள் எல்லாமே மிதிபட்டவை. மடிப்பில்லாத ஒன்று வேண்டும் என்ற ஆசை என்னைப் பிடித்து ஆட்டியது. அம்மா பிரேசர் டவுனில் ஒரு டாக்டர் வீட்டில் வேலை செய்தாள். அப்பா இல்லாத எங்களுக்கு அந்த ஒரு வேலைதான் சோறு. டாக்டரின் தம்பி வெளிநாட்டிலிருந்து வந்திருப்பதாக அம்மா சொன்னதும் நான் நச்சரிக்கத் தொடங்கினேன்.

"குப்பையில கெடக்கிறது வேணாம்மா. மடங்காம, புதுசா வேணும்."

பத்து நாள் விடாமல் அரித்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மா முந்தானையிலிருந்து ஒரு வெறும் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். கரும்பச்சை நிறம், நடுவில் வெள்ளைக் குதிரை, ஒரு கீறல்கூட இல்லை. முன்பக்கத்தை மெதுவாகக் கிழித்தெடுத்து, அன்று அதைப் பாய்க்கு அடியில் வைக்க மனம் வராமல் பாடப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போனதும் நான் வட்டத்துக்கு ஓடினேன். தையல்காரர் மகன் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"இது எந்த ஊரு அட்டை? இங்க யாருகிட்டயும் இல்ல. இதுக்கு எப்டி வெல போடறது? நமக்கு பேடா, வேணவே வேணாம், எடுத்துட்டுப் போ."

செல்லாது என்றால் செல்லாதுதான். நாலு பேருக்குத் தெரியாத பொருளுக்கு மதிப்பே கிடையாது என்று எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அது அவள் டாக்டர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற நேரம். பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்ததிலிருந்து எனக்கு விஷயம் புரிந்தது. அந்தப் பெட்டி காலியாக இல்லை, உள்ளே இரண்டு சிகரெட் இருந்தன. மகள் மடங்காதது கேட்டாளே என்று அம்மா அந்த இரண்டையும் எடுத்து, உருண்டு விழாமல் ஒரு சாஸரில் வைத்துவிட்டு, வெறும் பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறாள். சிகரெட்தான் பொருள், பெட்டி குப்பை என்பது அவள் கணக்கு. திருடுகிறவள் யாராவது சாஸரில் வைத்துவிட்டு வருவாளா? டாக்டர் வீட்டு அம்மாவுக்கு அது தோன்றவில்லை.

"இன்னிக்குப் பெட்டி, நாளைக்கு என்னன்னு கேட்டாங்க. நாளையிலேருந்து வர வேணாம்னுட்டாங்க. தூக்கிப் போடற குப்பைக்கு இப்டி ஒரு பேச்சு," என்றாள் அம்மா. அவள் குரலில் கோபம் இருந்தது. தான் தப்புச் செய்யவில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி போனபிறகு அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை.

"அந்த அட்டைக்கு எவ்ளோ போட்டாங்க?"

ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலையே போய்விட்டது, அவள் கொண்டுவந்ததாவது நல்ல அட்டையாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"ஆயிரம்மா. எங்க சந்துல அதான் பெருசு."

அம்மாவின் கை முறத்தில் அப்படியே நின்றது.

"அவ்ளோவா?" என்றாள். பிறகு, கோபமெல்லாம் வடிந்துபோன குரலில், "அப்போ அந்தம்மா கேட்டதுல தப்பில்ல" என்றாள்.

இல்லைம்மா, அது குப்பைதான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அம்மா குனிந்து மறுபடியும் கல் பொறுக்கத் தொடங்கினாள்.