ஏழாம் நாள் கட்டம்

மலையகத்தில், கொட்டகலை பஜாரில் ஒரு அச்சுக்கடையில் பதினோரு வருடமாக டைப்செட்டிங் செய்கிறேன். எனக்கு என்றைக்காவது ரத்தக் கொதிப்பு வந்தால் அதற்கு இந்த மனுஷர்கள் போடுகிற அட்டவணைகள்தான் பொறுப்பு.

எங்கள் முதலாளி ஸ்பேஸ் பார் கட்சி. ஒரு பெயரை அடித்துவிட்டு, தட்தட்தட் என்று முப்பது தடவை தட்டி அடுத்த பெயரை அடிப்பார். திரையில் எல்லாம் சமர்த்தாக நிற்கும். எழுத்துருவை மாற்றினால் போதும், ஆளுக்கொரு பக்கம் ஓடும். கேட்டால் பிரிண்டர் கோளாறாம்! எனக்கு முன்னால் இங்கே வேலை பார்த்தவர் இன்னொரு ரகம். கோடுகளைத் தனித்தனியாக வரைந்து, பெயர்களைத் தூக்கி மேலே வைப்பார். நடுவில் ஒரு வரிசை சேர்க்கச் சொன்னால் நாற்பது கோட்டையும் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கம் அமைக்கிற அதே சாப்ட்வேருக்குள்ளேயே டேபிள் போட வழி இருக்கிறது. பெயர் நீண்டால் கட்டம் தானாக உயரும், வரிசை சேர்த்தால் மற்றது தானாக இறங்கும். அந்த மெனுவைத் திறந்து பார்க்க ஒருத்தருக்கும் கை வரவில்லை. இந்தக் கடையில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

போன வருடம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டிஸ் வந்தது. பத்து நாள் பூஜை, எந்த நாள் எந்தக் குடும்பத்து உபயம் என்று ஒரு அட்டவணை. அந்தந்த நாள் பூஜையில் கமிட்டிச் செயலாளர் மைக்கில் நோட்டிஸைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். பெயர் வாசிக்கப்பட்டவருக்குத்தான் மாலை, அவர் கையில்தான் பூஜைத் தட்டு. நோட்டிஸில் இல்லாத பெயரை வாசிக்கவே மாட்டார்கள். முன்னொரு காலத்தில் இதற்காக மண்டை உடைந்து, அதிலிருந்து அச்சில் உள்ளதுதான் சட்டம்.

நோட்டிஸ் வேலை தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு வரிசைக்குப் பக்கத்து லயத்து அக்கா கடைக்கு வந்தார். கொழுந்து பறிக்கிறவர். ஏழாம் நாள் உபயம் அவர் புருஷனுடையது. புருஷன் போய்ச் சேர்ந்ததும் அது கொழுந்தன் பெயருக்குப் போய்விட்டது. மூன்று வருடம் கமிட்டியோடு மல்லுக்கட்டி, அந்த வருடம்தான் இரண்டு பெயரும் போடச் சம்மதம் வாங்கியிருந்தார். கையில் ஒரு துண்டுக் கடதாசி.

“புள்ள, கொழுந்தன் பேருக்குக் கீழ எம் பேரு. ஐடென்டிட்டி கார்டுல இருக்க மாதிரியே போட்டுருங்க. இன்னார் பொண்டாட்டின்னு போட்டுறாதீங்க. கொழும்புல இருந்து மகளுங்க ரெண்டும் இதுக்குன்னே லீவு போட்டு வருதுங்க.”

“நான் போடுறேங்கா. நீங்க கவலப்படாம போங்க” என்றேன்.

செவ்வாய்க்கிழமை செயலாளர் வந்தார். தோட்டத்து ஆபிஸில் கிளாக்கர். பென்டிரைவை மேசையில் வைத்த தோரணையைப் பார்க்க வேண்டுமே, ஏதோ அம்மன் நகையைக் கொண்டுவந்தது போல.

“டேபிள் எல்லாம் நானே எக்செல்ல போட்டுட்டேங்க. நீங்க படமா எடுத்து ஒட்டுனா வேல முடிஞ்சிச்சு.”

“படமா ஒட்டுனா எழுத்து மங்கிரும் ஐயா. பிழை இருந்தா திருத்தவும் ஏலாது. பத்து நிமிஷம் குடுங்க, நானே ஒழுங்கா போட்டுத் தாறேன்.”

“பதினஞ்சு வருஷமா ஆபிஸ்ல டேபிள் போடுறவன் நான். எனக்கே படிச்சுக் குடுக்குறீங்களா?”

“அவர் சொல்றபடியே செய்யும்மா” என்று உள்ளேயிருந்து முதலாளி. ஸ்பேஸ் பார் தட்டுகிறவருக்கு அபிப்பிராயம் வேறு!

பைலைத் திறந்தேன். ஏழாம் நாளுக்கு மட்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு கட்டம், இரண்டு பெயர். அக்காவின் பெயரைப் பிழையில்லாமல்தான் அடித்திருந்தார், அதைச் சொல்லியாக வேண்டும். “அது மட்டும் ரெண்டா நிக்கிது, அசிங்கமா இருக்கு. ஒரே கட்டமா சேருங்க” என்றார். நான் சும்மா விடவில்லை. ஒரு அட்டவணை என்றால் என்ன, அதை எதில் போட வேண்டும், எதில் போடக் கூடாது என்று அவருக்கு வகுப்பெடுத்துக்கொண்டே இரண்டு கட்டத்தையும் சேர்த்தேன். திரையில் ஏதோ எச்சரிக்கை வந்தது. ஓகே அழுத்தினேன். படமாக எடுத்து ஒட்டினேன். மற்றப் பக்கங்களையெல்லாம் எழுத்தெண்ணிப் பிழை பார்த்த நான், அந்தப் படத்தை வாசிக்கவே இல்லை. அந்தக் குப்பையை மனுஷி வாசிப்பாளா என்றிருந்தது.

கொடியேறின மறுநாள் அக்கா நோட்டிஸோடு கடைக்கு வந்தார். ஏழாம் நாள் கட்டத்தில் கொழுந்தன் பெயர் மட்டும்.

“கமிட்டில கேட்டா, நோட்டிஸ்ல உள்ளபடிதான் வாசிப்போம்னுட்டாங்க. வேணும்னே எடுத்துட்டாங்களா புள்ள?”

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. எக்செலில் இரண்டு கட்டத்தைச் சேர்த்தால் மேலே உள்ளது மட்டும் மிஞ்சும், கீழே உள்ளது போய்விடும். அந்த எச்சரிக்கை அதைத்தான் சொல்லியிருக்கிறது. எனக்குத் தெரியாத விஷயமா? இதே கடையில் எத்தனை பேரை இதற்காக மூதேவி என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன்!

“மெஷின் அழிச்சிருச்சுங்கா” என்றேன்.

அக்காவின் முகம் லேசானது. “அப்பாடா. மெஷின்தானே. மனுஷங்க செஞ்சிருந்தாத்தான் தாங்கியிருக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழாம் நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஆபிஸுக்குப் போய், “ஐயா, தப்பு என்னோடது, பேரு நான்தான் அழிச்சேன், அவங்களையும் கூப்பிடுங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் கமிட்டி கேட்டிருக்கும். இரண்டு தடவை ஆபிஸ் படி வரைக்கும் போனேன். அந்தக் கிளாக்கர் சிரிக்கப்போகிற சிரிப்பு கண்ணுக்குள் வந்தது. இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டேன். தூ, என்ன பிறவி நான்!

ஏழாம் நாள் மத்தியானப் பூஜையில் செயலாளர் நோட்டிஸைப் பிடித்துக்கொண்டு ஒரு பெயரை வாசித்தார். கொழுந்தனுக்கு மாலை விழுந்தது, தட்டும் அவர் கைக்குப் போனது. அக்கா புதுச் சேலையில், இரண்டு பக்கமும் மகள்களோடு, கூட்டத்தில் நின்று கும்பிட்டார். பெரியவள் அழுதுகொண்டிருந்தாள். நான் நைசாக நழுவப் பார்த்தேன். அதற்குள் அக்கா என்னைக் கண்டு, கையைப் பிடித்து மகள்கள் முன்னால் இழுத்து நிறுத்தினார்.

“இந்தா, இந்தப் புள்ளதான் எம் பேரப் போட்டுச்சு. மெஷினுதான் அழிச்சிருச்சு.”