கிட்டாருக்கு வயசு ஏற்றிய கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பெரிய சண்டை. காரணம், ஓர் எலெக்ட்ரிக் கிட்டார். அது செய்த குற்றம் — புத்தம் புதுசாகப் பளபளத்தது!

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். என் நாற்பத்தாறாவது வயதில் கிட்டார் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. ஏன் வந்தது என்று கேட்காதீர்கள்... வந்தது, அவ்வளவுதான். கவரைப்பேட்டையில் ஒரு கல்லூரி மாணவர் விற்றதை வாங்கி வந்தேன். கிளிப்பச்சை நிறம், மேலெல்லாம் ஸ்டிக்கர். ஆட்டோவிலிருந்து இறக்கும்போதே எதிர்வீட்டு அம்மா கேட்டுவிட்டார்.

"இன்னாக்கா, பொண்ணுக்கு வாங்குனதா?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே ஓடிவிட்டேன். வெட்கம்!

இதோடு விட்டேனா? ஆறாவது மாதம், கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் வாசிக்கிறேன் என்று சபையில் பெயரும் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் உதறல். இந்தக் கிளிப்பச்சையோடு போய் நின்றால், 'வயசான காலத்தில் இதுக்கு இன்னா ஆச்சு' என்று சிரிக்கமாட்டார்களா?

அப்போதுதான் அந்த வீடியோ கண்ணில் பட்டது. நல்ல கிட்டாரை வேண்டுமென்றே தேய்த்து, கீறி, இருபது வருடம் வாசித்ததுபோல ஆக்குகிறார்கள். அடடா, நமக்கு வேண்டியது இதுதானே! கிட்டார் பழசாகத் தெரிந்தால், சின்ன வயதிலிருந்தே வாசிக்கிறவள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

முதலில் அந்தப் பச்சையை மாற்ற வேண்டும். பெயின்ட் அடிக்க ஆள் வீட்டிலேயே இருக்கிறார். என் வீட்டுக்காரர் சாமுவேலுக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பத்தொன்பது வருடமாக அதே வேலை. கீறல் இருந்தால் ரிஜெக்ட்.

மனிதர் நாலு ஞாயிறு உழைத்தார். கம்பிகளைக் கழற்றி, உப்புத்தாளால் பச்சையைத் தேய்த்தெடுத்து, ப்ரைமர் பூசி, க்ரீம் கலர் ஸ்ப்ரே அடித்தார். லாரிகள் கிளப்பும் புழுதி ஒட்டக்கூடாதென்று, கொடிக்கயிற்றில் கிட்டாரைத் தொங்கவிட்டு எங்கள் கொசுவலையை அதற்குக் கட்டினார். கிட்டார் சுகமாகத் தொங்கியது. எங்களைக் கொசு பிடுங்கியது.

முடிந்ததும் மாடியில் என்னிடம் நீட்டினார். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு.

"சூப்பருங்க... இப்ப இத கீறிப் பழசாக்கணும்" என்றேன். அதுவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெயின்டே அடித்திருக்கமாட்டார்.

"இன்னாது? நாலு வாரம் முதுகொடிஞ்சு அடிச்சிக்கினு இருந்தேன்... கீறணுமா? உனுக்கு இன்னா லூசா?"

அதுதான் அந்தச் சண்டை. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அவராகவே வந்தார், கையில் பெயின்ட் அடித்த ஒரு பலகைத் துண்டோடு. அதில் நாலு கீறல். பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று நம்பர்.

"கம்பெனில லிமிட் சாம்பிள்னு வெச்சிருப்போம். இந்த அளவு கீறல் பரவால்லன்னு காட்டறதுக்கு. எது வோணும்னு பாத்து கையெழுத்து போடு."

மூன்றாம் நம்பருக்குப் போட்டேன். வேறென்ன செய்ய?

சனிக்கிழமை நான் காய்கறி வாங்கி வருவதற்குள் வேலையை முடித்திருந்தார். பார்த்தேன். பன்னிரண்டு கீறல்கள். எல்லாம் ஒரே நீளம், ஒரே சாய்வு, ஒரே இடைவெளி! ஸ்கேல் வைத்துப் பென்சிலால் குறித்துக் கீறியிருக்கிறார்!

"இன்னாங்க இது? நோட்டுல கோடு போட்ட மாதிரி கீது!"

"கையெழுத்து போட்டது நீதான?" என்றார். முகம் சுண்டிவிட்டது.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவமாக ஒரு பக்கம். கீறலே விழக்கூடாதென்று பத்தொன்பது வருடம் காவல் காத்த கை... தாறுமாறாகக் கீற அதற்கு எப்படி வரும்? சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, "கண்ண மூடிக்கினு அடிங்க" என்றேன். மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன். முதல் அடிக்குப் பல்லைக் கடித்தார். ஐந்தாவது அடியில் சிரித்துவிட்டார். அப்புறம் அவரை நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது!

அந்த நேர்கோடுகள் சாவித் தழும்புகளுக்குள் காணாமல் போயின. வெள்ளை பிளாஸ்டிக் எல்லாம் டீ டிகாஷனில் ஊறிப் பழுப்பானது. ஸ்க்ரூ துருப்பிடிக்க வீடியோவில் என்னென்னவோ ஆசிட் சொன்னார்கள். எங்களுக்கு வீட்டு போர்வெல்லின் உப்புத் தண்ணீரே போதுமானதாக இருந்தது.

ஆராதனை நாள். பேஸ் கிட்டார் வாசிக்கும் மீஞ்சூர் பிரதர், வெகுகாலமாக வாசிக்கிறவர், எல்லோர் முன்னாலும் என் கிட்டாரைத் தடவிப் பார்த்தார்.

"அடேங்கப்பா, இன்னா தேய்மானம்! எத்தினி வருசமா வாசிக்கினுகீறீங்க சிஸ்டர்?"

இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை பாடு? "அது... ஆவுது பிரதர்..." என்று இழுத்தேன்.

"ஏழு மாசம்!"

பின்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர்!

"ஏழே மாசந்தான் பிரதர்! சமையலும் பாத்துக்கினு, பத்திரிகைக்கும் எழுதிக்கினு, அதுக்குள்ள நாலு பாட்டு கத்துக்கினா! கிட்டார கெழவி ஆக்குனது நான்தான்!"

சபையே சிரித்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கோபமாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். எதை மறைக்க நான் அந்த மனுஷனை அத்தனை வாரம் வேலை வாங்கினேனோ, அதையே பெருமை தாங்காமல் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஏழு மாதமும் என் அபஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டவர் அல்லவா!

வாசித்தேன். இரண்டு இடத்தில் விரல் தப்பியது. ஆனால் நிறுத்தாமல் வாசித்து முடித்தேன். ஏழு மாதக்காரி தப்பு விட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? முடிந்ததும் முதலில் கைதட்டியது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

நன்றி, சாமுவேல். நேரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை... அதனால் இங்கே சொல்கிறேன்.

இன்றோடு ஏழு மாதம், பதினோரு நாள். யாரும் கேட்கவில்லை — நானாகத்தான் சொல்கிறேன்!