குதிரை அழுத மார்கழி

எங்கள் குதிரை அழுகிறது என்று முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். சவூதிக்குப் போன வாப்பாவை நினைத்துத்தான் அழுகிறது என்பதும் என் கண்டுபிடிப்பே. எட்டு வயதுவரை வேறெதையும் கண்டுபிடித்திராததால் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

நாகூர் ஸ்டேஷனிலிருந்து தர்காவுக்கு ஆள் ஏற்றும் ஜட்கா வண்டி எங்களுடையது. தெருவில் பாதி ஆண்கள் விமானம் ஏறிவிட்ட வருஷங்கள் அவை, வாப்பாவும் ஏறினார். போகும்போது உம்மாவின் தம்பியான என் மாமாவிடம் கடிவாளத்தைக் கொடுத்து, “நான் வர்ற வரைக்கும் இவனைப் பாத்துக்க மச்சான்” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் அவர் தடவிக்கொடுத்தது குதிரையை.

அந்த மார்கழியில் பனியும் கடல்காற்றும் சேர்ந்து இறங்கின. குதிரைக்குக் குளிருமே என்று உம்மா சொன்னதுதான் தாமதம், மாமா லாயத்தின் திறந்த பக்கம் முழுக்கப் படுதா கட்டினார். படுதாவின் ஓட்டைகளை நான் சாக்கால் அடைத்தேன். தரை ஈரமானால், நனைந்த வைக்கோலை அள்ளாமல் அதன்மேலேயே புது வைக்கோல் பரப்பினோம், மெத்தைபோல இருக்கட்டும் என்று. கொஞ்ச நாளில் குதிரையின் கண்களில் தண்ணீர் வழியத் தொடங்கியது. பிறகு இருமல்.

வாப்பா வருவதற்குள் ஏக்கத்திலேயே இது செத்துப்போகும் என்று தெரு முழுக்கச் சொன்னேன். வாப்பாவின் பழைய சட்டை ஒன்றை அதன் முகத்துக்கு நேரே தொங்கவிட்டேன். மோந்து பார்த்துவிட்டுச் சட்டைப்பையைத் தின்றது. பாசம் என்றேன்.

“உங்க வாப்பா கையால வாங்குன அடியெல்லாம் ஞாபகம் வந்திருக்கும்டா” என்றார் மாமா.

உம்மா மட்டும் நம்பினார். “பேசத் தெரியாத சீவன். மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டுத் தவிக்குது.”

தினமும் அந்திநேரத் தொழுகையான மஃரிபுக்குப் பிறகு சாம்பிராணிச் சட்டியோடு லாயத்துக்குள் போவார். கண்ணேறு கழியப் புகை போட்டுவிட்டு, நெடுநேரம் கழித்துக் கண்களைத் துடைத்தபடி வருவார். இருமல் கூடக்கூட நாங்கள் மேலும் சாக்கு கட்டினோம். கடைசியில் பூனை நுழையக்கூட வழியில்லை. குதிரை ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

மாமா மாட்டு டாக்டரை அழைத்து வந்தார். உள்ளே போன வேகத்தில் அவர் வெளியே வந்தார். அவர் கண்ணிலும் தண்ணீர். இவருக்கும் வாப்பாவைத் தெரியும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

“இதுக்குள்ள ஒரு ராத்திரி நீங்க படுப்பீங்களா?” என்று மாமாவைக் கேட்டார். “மூத்திர நெடிங்க. அதோட புகை வேற. கண்ணு எரியாம என்ன செய்யும்? இந்தக் குளிரு குதிரைய ஒண்ணும் பண்ணாது. மொதல்ல எல்லாத்தையும் அவுத்து விடுங்க, காத்து வரட்டும்.”

அவிழ்த்தோம். வைக்கோலைப் புரட்டினால் அடியில் கறுத்து ஊறிக் கிடந்தது. தரையைத் தேய்த்துக் கழுவும் வேலை எனக்கு. சில நாட்களில் குதிரையின் கண்கள் காய்ந்தன. என் கண்டுபிடிப்பும் காலாவதியானது. தெருப் பையன்கள் என்னைக் கண்டால் கண்ணைக் கசக்கிக் காட்டுவார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இருமல்தான் போகவே இல்லை. நாலு பேரை ஏற்றினால் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிடும். மாமா ஆட்டோ ஓட்டப் போனார். வலங்கைமான் பக்கத்து ஆள் ஒருவர் வந்து விலை பேசிக் குதிரையைப் பிடித்துக்கொண்டு போனார். வாப்பா ஊருக்கு வர இன்னும் வெகுநாள் இருந்தது.

லாயத்தில் இப்போது வைக்கோல் இல்லை, படுதா இல்லை, சாம்பிராணிப் புகையும் இல்லை. காற்று தாராளமாக வந்துபோனது. அப்படியும் உம்மா மஃரிபுக்குப் பிறகு அங்கே போவதை விடவில்லை. நெடுநேரம் கழித்துக் கண்கள் சிவந்து திரும்புவார்.

நான் சரியாகக் கழுவவில்லை, நெடி இன்னும் மிச்சமிருக்கிறது என்று பயந்துபோனேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு வாளி தண்ணீர் தூக்கிப்போய், அந்தக் காலி லாயத்தை இன்னொரு முறை தேய்த்துக் கழுவினேன்.