துளையில்லாத பேசின்

அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்கள் எனக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். கதிரைகளில் முட்டை அட்டை, ஜன்னல் கட்டில் யோகட் கோப்பைகள், டீவிக்குப் பக்கத்தில் துருப்பிடித்த பிஸ்கட் டின். எல்லாவற்றிலும் மண். "கொச்சிக்கா நாத்துப் போடப் போறன்" என்றால், "வீட்டுக்குள்ளயா?" என்று சிரித்தார்கள். ஓம், வீட்டுக்குள்ளேதான். சிரிக்கிறவர்களுக்கென்ன, சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

முன்பெல்லாம் எங்கள் மிளகாய் நாற்று மேடை கிணற்றடியில் இருக்கும். என் வீட்டுக்காரர் குந்தியிருந்து விதை தூவுவார், குந்தியிருந்தே புல் பிடுங்குவார், மயில் வந்தால் குந்தியிருந்தே கல்லெறிவார். சீனி வருத்தத்தில் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு குந்துவது எங்கே? புண் ஆறிவிட்டது, மனுசன் ஆறவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். சோறு வைத்தால் சாப்பிடுவார், நேரமானால் கதிரையில் இருந்து தொழுவார், பிறகு திரும்பவும் சுவர். கலியாணம் முடித்த நாளிலிருந்து தேயிலைக்குச் சீனி கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று என்னோடு ஓயாமல் சண்டை பிடித்த வாய் அது. சத்தமே இல்லாமல் போயிற்று.

அவருடைய தம்பி நல்லவர், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு நாள் பின்னேரம் வந்து வாசலில் நின்றபடியே கேட்டார். "மதினி, இந்தப் போகம் கொச்சிக்காக் காணிய நான் செய்யட்டா? சும்மா கிடந்தா பத்தைதானே வளரும்."

நான் வாய் திறக்கும் முன் கட்டிலில் இருந்து பதில் வந்தது. "குடுத்திரு."

சுவருக்குச் சொல்வதுபோல் சொன்னார். அந்தக் காணியும் கையை விட்டுப் போனால் இந்த மனுசன் இனிச் சுவரை விட்டுத் திரும்பப் போவதில்லை. மவுத்தாகும் வரைக்கும் இப்படியே கிடப்பார். "நாத்து நான் போடுறன்" என்றேன். "நல்லா வந்தா நாங்களே செய்றம். வராட்டி நீங்க எடுங்க." வாய் முந்திக்கொண்டது. நாற்றுப் போடுவது அவருடைய வேலை. எனக்குத் தெரிந்தது பழம் பறிப்பதும் காயவைப்பதும்தான்.

என்னுடைய யோசனை இவ்வளவுதான். மனுசனால் மேடைக்குப் போக முடியாது, ஆனபடியால் மேடையைக் கட்டிலடிக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மேசை, அதன்மேல் எதிலாவது நாற்று. அந்த 'எதிலாவது' என்பதற்குத்தான் நான் அலையாத இடமில்லை. யோகட் கோப்பையில் போட்டேன். கடல் காற்றுக்கு அவை ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து உருண்டன. முட்டை அட்டை இரண்டு தரம் தண்ணீர் தெளித்ததும் கஞ்சியாகிப்போனது. ஐஸ் போட்டு மீன் அனுப்பும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், தேசிக்காய் போட்டுத் தேய்த்தேன். நாற்றுக்கு முன் அதில் ஊர்ப் பூனைகள் எல்லாம் குடியேறிவிட்டன. விரட்ட விரட்ட வந்து மண்ணுக்கு மேல் சுருண்டு படுத்துக்கொள்ளும். நாசமாய்ப் போன பூனைகள்!

வீட்டில் தோதான ஏனம் ஒன்று இருக்கத்தான் செய்தது. வெள்ளை பிளாஸ்டிக் பேசின், அகலமானது, ஆழம் குறைந்தது. காலையும் மாலையும் அவருடைய புண்ணைக் கழுவிய பேசின் அது. அதை மட்டும் நான் தொடவில்லை. ஷொப்பிங் பையில் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். கடைசியாகக் கிளினிக்குக்குப் போனபோது மருந்து கட்டுகிற மிஸ்ஸி சொன்னார், "மத்தக் காலையும் நல்லாப் பாத்துக்கோங்க." அன்றிலிருந்து தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் கண்ணயரும் நேரத்தில் இடது பாதத்தை, விரல் இடுக்கு விடாமல், பார்ப்பேன். அப்படியிருக்க அந்தப் பேசினை எப்படி எடுப்பது?

கடைசியில் விவசாயக் கடையில் குழி குழியாக இருக்கும் கறுப்புத் தட்டு இரண்டு வாங்கினேன். குழிகளை நிரப்பத் தும்புத்தூள் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். நான் களைத்துப் போயிருந்தேன். பஸ்ஸில் நின்றே வந்த கால். ஊருக்குப் பின்னால் களப்புத் தண்ணீர் ஓரத்தில், தேங்காய் மட்டை ஊறப்போடுகிற கிடங்குக் குழிக்குப் பக்கத்தில் தூள் குவிந்து கிடந்தது. அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வந்து அப்படியே நிரப்பி, குழிக்கு ஒரு விதையாகப் போட்டு, மேசையைக் கட்டிலோடு ஒட்டி இழுத்து வைத்தேன். மனுசன் திரும்பியும் பார்க்கவில்லை.

அல்லாஹ்வின் கிருபை, அங்குமிங்குமாக முளைத்தது. ஒரு காலை நான் தேயிலையோடு வந்தபோது அவருடைய முகம் மேசைப் பக்கம் இருந்தது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். குசினிக்குப் போய் நான் தனியே சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு நாலு நாளைக்குத்தான். இலை நுனிகள் கருகத் தொடங்கின. தண்ணீர் காணாதாக்கும் என்று கூட ஊற்றினேன், இன்னும் கருகியது. நிழலுக்கு இழுத்தேன், வெயிலுக்கு இழுத்தேன். ஒரு நாள் லுஹருக்கு முன் பார்க்கிறேன், தட்டு முழுக்கத் தலை சாய்ந்து கிடக்கிறது. அப்படியே தரையில் இருந்துவிட்டேன். அழக்கூடத் தெம்பில்லை. காணியை எடுக்கச் சொல்லி அவருடைய தம்பிக்குச் சொல்லியனுப்ப வேண்டியதுதான் என்று மட்டும் நினைத்தேன்.

கட்டில் கிறீச்சிட்டது. மனுசன் எழும்பி உட்கார்ந்து, கையை நீட்டி, ஒரு குழியிலிருந்து தூளைக் கிள்ளி நாக்கில் வைத்தார். துப்பினார்.

"இது எங்கத்தத் தூள்?"

"களப்போரத்தில இருந்தது..."

"மட்டக் கிடங்கடியிலயா?"

"ஓம்."

"உனக்கு மூளை இரிக்கா? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவுல பொறந்து வளந்தவளுக்கு உப்புத் தெரியாதா? உப்புத் தண்ணில ஊறின மட்டத் தூள் அது. ரெண்டு மழையில கெடந்து கழுவுப்படணும், இல்லாட்டி நல்ல தண்ணில அலசிப் போடணும். இத அள்ளிப் போட முந்தி என்னட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"கேட்டா பேசுவீங்களா?" என்றேன். என் குரலும் உயர்ந்துவிட்டது. "சுவரோடதானே இருந்தீங்க!"

சாய்ந்து கிடந்த நாற்று ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். பிறகு, "விதை மிச்சம் இரிக்கா?" என்று கேட்டார்.

"பாதிப் பக்கெட் இரிக்கி."

"இந்தக் குழித்தட்டு நம்மட காத்துக்குச் சரிவராது, மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும். அகலமா, ஆழம் குறைஞ்சதா ஒண்டு வேணும். எனக்குப் புண் கழுவின பேசின் எங்க?"

"அது... அது எங்கயோ போட்டன்."

"அலுமாரிக்குப் பின்னால இரிக்கி. நீ செருகினத நான் பாத்தன். எடு."

நான் எழும்பவில்லை. தரையில் இருந்தபடியே அவருடைய இடது பாதத்தைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்தார்.

"மத்தக் காலுக்கு வேணுமெண்டா வெச்சிருக்காய்?"

சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"நான் தூங்குற எண்டு நினைச்சிக்கொண்டு தினமும் விரலுக்குள்ள பாக்கிறது எனக்குத் தெரியாதா? எடுத்துக்கொண்டு வா புள்ள. ஆணி ஒண்டும் சுட வெச்சிக் கொண்டு வா."

எடுத்து வந்தேன். அடுப்பில் ஆணியைக் காய்ச்சி, குறட்டால் பிடித்து அவர் கையில் கொடுத்தேன். பேசினை மடியில் கவிழ்த்து வைத்து, அடியில் ஆணியை அழுத்தினார். பிளாஸ்டிக் தீயும் நாற்றம் அறையில் நிறைந்தது. ஆணி ஆறியதும் திரும்ப அடுப்படிக்கு நடந்தேன். இப்படி எத்தனை தரமோ, என் முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று வலித்தது.

"போதாதா?" என்று கேட்டேன்.

பேசினைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடி முழுக்க வெளிச்சம் தெரிந்தது. அதில் இனி ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது.

"இன்னும் ஒருக்காக் காய்ச்சு" என்றார். "பிறகு தம்பியக் கூப்பிட்டுச் சொல்லு, காணி குடுக்கிறல்ல எண்டு."