டம்ளருக்குப் புதுத்துணி

தாராளமயத்தைப் பற்றிக் கல்லூரித் தோழிகளோடு வாதிட்டவள் நான். ஆயினும் அது எங்கள் வீட்டுக்குள் வந்தது காபி வேளையில்தான். அமெரிக்காவிலிருந்து தீபாவளிக்குத் தஞ்சாவூர் வந்த என் மகன், டம்ளரைத் தொட்டதும் கையை உதறினான். அங்கே காகிதக் கோப்பைக்கு அட்டையில் உறை உண்டாம். டபராவில் ஆற்றிக் குடிப்பது குழந்தைகளுக்கு என்பது எங்கள் வீட்டுக் கொள்கை. எங்கள் குடும்பத்தில் வயல் கைவிட்டுப் போயிருக்கிறது, வழக்கும் தோற்றிருக்கிறது. சூடான டம்ளரைப் பிடிக்க முடியாத ஆண்பிள்ளை மட்டும் இருந்ததில்லை.

மறுநாள் பண்டிகைக்கு என் நாத்தனாரும் அவர் கணவரும் வரவிருந்தார்கள். நாத்தனாருக்குத் தெரிந்தால் கும்பகோணம் வரை தெரிந்துவிடும். ஆகவே ரவிக்கை தைத்து மிஞ்சிய பட்டுத்துண்டுகளுக்கு உள்ளே பழைய துவாலையை வைத்து, சரிகை வெளியே தெரியும்படி உறை தைத்தேன். அவனுக்கு மட்டும் போட்டால் குட்டு வெளிப்படும் என்று எல்லா டம்ளர்களுக்கும் தைத்தேன்.

"என்ன அண்ணி, டம்ளருக்கும் தீபாவளிப் புதுத்துணியா? மஞ்சள் தடவ மறந்துட்டீங்களே!" என்றார் நாத்தனார்.

"அமெரிக்காவுல இப்ப எல்லா வீட்லயும் இதுதாங்க வழக்கம்," என்றேன்.

"இல்ல அத்தே, எனக்குச் சூடு தாங்கலன்னு அம்மா நேத்து தச்சாங்க," என்றான் மகன்.

நாத்தனார் தம் டம்ளரின் உறையைக் கழற்றி வைத்தார். அவர் கணவரும் கழற்றினார். பிறகு என் கணவர், கடைசியாக நான். கொதிக்கும் காபியை வெறுங்கையில் ஏந்தி, முகம் மாறாமல் குடித்தோம்.

நாத்தனாரின் கண்களில் நீர் நின்றது. "காபி ஆறிப்போச்சே, அண்ணி," என்றார்.