வாசற்படிக்கு அடியில் ஒரு புள்ளி

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய எனக்கு, பெங்களூரில் ரேடார் வண்டி தள்ளும் வேலை கிடைத்தது. தோண்டாமலே மண்ணுக்கு அடியில் இருப்பதைத் திரையில் காட்டும் வண்டி அது. தொம்மலூர்ச் சந்துகளுக்குக் கீழே புதைந்த பழைய ஊரை அதை வைத்து வரைபடமாக்கினோம்.

ஒரு வீட்டு வாசற்படியருகே திரையில் பளிச்சென்று ஒரு புள்ளி தெரிந்தது. கூட வந்த இன்ஜினியருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ஏதோ பழைய உலோகம். படியைப் பெயர்த்துப் பார்க்கலாமா அம்மா?"

வீட்டுக்கார அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பேடா சார், வேணாம். பழசும் இல்ல, புதையலும் இல்ல. வாசக்கால் வெச்சப்போ எங்க வீட்டுக்காரர் கையால போட்ட செம்புத் தகடு. அவரு போயிட்டாரு. அது அங்கயே இருக்கட்டும்."

இன்ஜினியர் சிரித்துவிட்டார். புள்ளியை அழிக்காமல், பக்கத்தில் 'இக்காலத்தது' என்று குறித்தார்.

"நீங்களும் மேப்புல வந்துட்டீங்கம்மா" என்றேன்.

"வரட்டும்ப்பா. இருந்தோம்னு தெரியட்டும்."

அதுவரை அந்த வரைபடம் செத்தவர்களுடையது என்றுதான் நினைத்திருந்தேன். எத்தனையோ ஊர்களில், எத்தனையோ அறைகளில் தங்கியிருக்கிறேன். எந்த வாசலுக்கு அடியிலும் நான் எதையும் வைத்ததில்லை.